தரை டிக்கெட் எங்கே?

(மூன்றாம் ஆண்டு, தமிழ் இலக்கியம்)

இயல், இசை, நாடகம் என்று தமிழை மூன்றாக வகுத்த முன்னோர், நான்காவதாக ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அதுதான் டிக்கெட்! இயல் புத்தகத்தில் இருக்கும். நூலகத்தில் போய்ப் படித்துக்கொள்ளலாம். இசை வானொலியில் வரும்; டீக்கடையில் நின்றே கேட்டுவிடலாம். நாடகம் மட்டும் அப்படியன்று. நடக்கும் இடத்துக்கு, நடக்கும் நேரத்தில் போய் உட்கார்ந்துதான் அதைப் பார்க்க வேண்டும். அந்த உட்காரும் இடத்துக்கு ஒரு விலை உண்டு. அது என்ன விலை, யாரால் கொடுக்க முடியும், கொடுக்க முடிந்தவன் கைக்கு அந்தச் சீட்டு வந்து சேர்கிறதா என்பதைப் பொறுத்தே ஒரு நாட்டின் நாடகக்கலை வாழ்வதும் தாழ்வதும்.

'நாடகம் நலிந்ததற்குக் காரணம் திரைப்படமா, தொலைக்காட்சியா?' என்று பட்டிமன்றங்களில் வாதிடுகிறார்கள். இரண்டு அணியும் மேசையைத் தட்டிப் பேசும். நடுவர் இரண்டுமே என்று தீர்ப்பளித்துவிட்டுப் பொன்னாடை வாங்கிக்கொள்வார். கூண்டில் ஏற்றப்படாத மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அது, மலிவான நுழைவுச் சீட்டு மறைந்துபோனது.

நான் சொல்ல வருவது இதுதான்: குறைந்த விலைச் சீட்டு ஏழைக்கு இடும் பிச்சையன்று. இசை நாடகம் என்னும் மரத்துக்கு அதுவே வேர். நாம் வேருக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டுப் பூவுக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டிருக்கிறோம்.

தரையில் இருந்தவர்கள் வளர்த்த கலை

இதைப் பேசப் புதுச்சேரிக்காரர்களாகிய நமக்குத் தனி உரிமை உண்டு. தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் பிறந்தது 1867-இல், தூத்துக்குடிப் பக்கத்தில். மறைந்தது 1922 நவம்பர் 13 அன்று, நம் ஊரில். கருவடிக்குப்பத்தில் அவருடைய நினைவிடம் இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளியும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயரைத் தாங்குவது எளிது. அவர் செய்த வேலையைத் தாங்குவதுதான் கடினம்.

என்ன வேலை அது? நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களைப் பாட்டும் வசனமுமாக எழுதினார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று அவர் தொட்டதெல்லாம் ஊர்மக்களின் நாவில் ஏறிற்று. 1918-இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையில் சிறுவர்களைச் சேர்த்துப் பயிற்றினார். அங்கே சேர்ந்த சிறுவர்கள்தாம் பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று புகழ் பெற்றார்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் இத்தகைய பாய்ஸ் கம்பெனிகளில் அரிதாரம் பூசிக்கொண்டவர்களே.

இந்தக் கம்பெனிகள் எதை நம்பி ஊர் ஊராகக் கொட்டகை போட்டன? அரசு மானியத்தையா? இல்லை. அன்றாடம் வாசலில் விழுந்த சில்லறையை. முன்னால் நாற்காலி, பின்னால் பெஞ்சு, அதற்கும் எளியது தரை. நாற்காலிக்காரர் ஊர்ப் பெரிய மனிதர்; ஒரு நாள் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். தரைக்காரனோ பகலெல்லாம் வண்டி ஓட்டியவன், மூட்டை சுமந்தவன், தறி நெய்தவன். அவன்தான் நேற்றுப் பார்த்த வள்ளி திருமணத்தை இன்றும் பார்க்க வருவான். நாளைக்குத் தன் பெண்டாட்டி பிள்ளைகளையும் அழைத்து வருவான்.

ஒலிபெருக்கி இல்லாத காலத்தை எண்ணிப் பாருங்கள். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் ஏன் அவ்வளவு உச்ச சுருதியில் பாடினார்கள்? கொட்டகையின் கடைசியில் சம்மணம் போட்டிருந்தவன் காதிலும் பாட்டு விழவேண்டும் என்பதற்காகத்தான். கம்மிய குரலில் நயம் காட்டினால் முதல் வரிசை தலையாட்டியிருக்கும். தரை டிக்கெட் எழுந்து போயிருக்கும். 1933-இல் இருபத்தேழே வயதில் மறைந்த கிட்டப்பாவின் குரலைப் பற்றி இன்றும் வியந்து பேசுகிறோம். அந்தக் குரலைத் தீட்டிய சாணைக்கல், தரையில் உட்கார்ந்திருந்த பெயர் தெரியாத கூட்டம். ஆகவே மலிவான சீட்டு பார்வையாளரை மட்டும் உண்டாக்கவில்லை. பாடும் முறையையே அது உண்டாக்கியது.

இது நமக்கு மட்டும் உரிய கதையுமன்று. ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனில் குளோப் அரங்கின் முற்றத்தில் நின்று பார்க்க ஒரு பென்னி போதும். அப்படி நின்றவர்களைத் தரைக்காரர்கள் என்ற பொருள்படவே அங்கும் அழைத்தார்கள். அந்த அரங்கை மீண்டும் கட்டி 1997-இல் திறந்தபோது, நிற்கும் இடத்தை ஒழித்துவிட்டு மெத்தை நாற்காலி போடவில்லை. 5 பவுண்டுக்கு நிற்க இடம் வைத்தார்கள். மேடைக்கு மிக அருகில் இருந்தவர்கள் மிகக் குறைந்த விலை கொடுத்தவர்களே!

கூத்தும் சீட்டும் பாசும்

"ஏன் தம்பி, புதுச்சேரியில்தான் எத்தனையோ நிகழ்ச்சி இலவசமாக நடக்கிறதே! டிக்கெட் எதற்கு?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இலவசத்திலும் இரண்டு வகை உண்டு.

பாகூர், வில்லியனூர், திருக்கனூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குத் தெருக்கூத்து வைப்பார்கள். விடிய விடிய நடக்கும். வாசலும் இல்லை, சீட்டும் இல்லை. ஆனால் அது இலவசமா? ஊரார் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுத் திரட்டிய பணத்தில் வந்த கூத்து அது. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகமும் அப்படித்தான். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஒப்பந்தம் செய்து, ஊர்ப் பொதுப்பணத்தில் அழைத்து வருகிறார்கள். பார்ப்பவர் அனைவரும் பங்காளிகள். யாரும் யாருக்கும் கடன்பட்டவரில்லை. சீக்கிரம் வந்து பாய் விரித்தவருக்கு முன்னிடம், அவ்வளவுதான் சட்டம்.

நகரத்து இலவசம் வேறு வகை. அது பாஸ் என்னும் அட்டையில் வரும். அந்த அட்டை அதிகாரிக்கு வரும், அதிகாரிக்கு வேண்டியவருக்கு வரும், வேண்டியவரின் மைத்துனருக்கும் வரும். முதல் மூன்று வரிசைச் சோபாக்கள் 'முக்கியப் பிரமுகர்களுக்கு' என்று எழுதி ஒட்டப்பட்டிருக்கும். பிரமுகர்கள் வரமாட்டார்கள். சோபாக்கள் காலியாகவே நாடகம் பார்க்கும்! பின்னால் சுவரோரம் நிற்பவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார்கள். இந்தக் காட்சியை நம்மில் யார் பார்த்ததில்லை?

சீட்டுக்கும் பாசுக்கும் இன்னொரு வேறுபாடு உண்டு. காசு கொடுத்தவனுக்கு வாய் உண்டு. பாட்டு பிடித்தால் 'ஒன்ஸ்மோர்' என்று கத்துவான்; பிடிக்காவிட்டால் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டுப் போவான். பாசில் வந்தவன் என்ன செய்வான்? அழைத்தவர் முகத்துக்காகக் கைதட்டுவான். கைதட்டலை மட்டுமே கேட்டு வளர்ந்த கலை, செல்லம் கொடுத்துக் கெட்ட பிள்ளை போல ஆகிவிடும். பத்து ரூபாயானாலும் தன் பணத்தைக் கொடுத்து உள்ளே போகும் ஒருவனுக்கு உள்ள மரியாதை, ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள பாசை வாங்கிக்கொண்டு போகிறவனுக்கு இல்லை. எனவே நான் கேட்பது இலவசத்தையன்று. விலை வேண்டும், அந்த விலை எங்கள் பைக்குள் அடங்க வேண்டும்.

'முதல்' என்று ஒரு சொல்

சென்ற ஆண்டு சென்னையில் ஓர் இசை நாடகம் நடந்தது. செய்தித்தாள்களெல்லாம் புகழ்ந்தன. 'ரூ. 200 முதல்' என்று விளம்பரம். தமிழில் 'முதல்' என்ற சொல்லுக்குப் பல பொருள் உண்டு. தொடக்கம் என்று பொருள். மூலதனம் என்று பொருள். வணிகர் கையில் போனால் தூண்டில் என்றும் ஒரு பொருள் வந்துவிடுகிறது.

பாகூர்ப் பக்கமிருந்து பேருந்தில் வரும் என் வகுப்புத் தோழன் நன்றாகப் பாடுவான். வள்ளி திருமணப் பாடல்களை அவன் தாத்தா வாயாலே கேட்டு மனப்பாடம் செய்தவன். இருவரும் போவது என்று முடிவு செய்து, இரண்டு வாரம் டீச்செலவைக் குறைத்துப் பணம் சேர்த்தோம். சீட்டு விற்பனை இணையத்தில் காலை 10 மணிக்குத் தொடக்கம் என்றார்கள். அந்த நேரம் எங்களுக்கு வகுப்பு. இடைவேளையில் கைப்பேசியைத் திறந்து பார்த்தபோது 200 ரூபாய் இருக்கைகள் சாம்பல் நிறமாகிவிட்டன. 500 ரூபாயும் அப்படியே. 1,500 ரூபாய் இருக்கைகள் மட்டும் பச்சைப் பசேலென்று கண்ணைச் சிமிட்டின. அதற்கு மேல் 'வசதிக் கட்டணம்' என்று தனியாக ஒன்று. யாருக்கு வசதி என்று அதில் போட்டிருக்கவில்லை.

அரங்கத்துக்கு டெலிபோன் செய்து, "அன்றைக்கு நேரில் வந்தால் கவுண்டரில் கிடைக்குமா ஐயா?" என்று கேட்டேன். "கவுண்டரே கிடையாது தம்பி, எல்லாம் ஆன்லைன்தான்" என்று பதில் வந்தது.

தோழன் சிரித்தான். "விடுடா, நமக்கெல்லாம் யூடியூப்தான். தாத்தா மட்டும் கொடுத்து வெச்சவரு, சீட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டு உள்ள போனாரு" என்றான்.

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை. அவனுடைய தாத்தா பள்ளிக்கூடம் பார்க்காதவர்; கூலி வேலை செய்தவர். அவருக்குத் திறந்திருந்த கதவு, பட்டப்படிப்புப் படிக்கும் பேரனுக்குச் சாத்தியிருக்கிறது. இதை வளர்ச்சி என்று சொல்ல என் நா எழவில்லை. 'நமக்கெல்லாம்' என்று அவன் சொன்னானே, அந்தச் சொல்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. ஒரு கலை தனக்கு உரியதன்று என்று ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்ளும் நாளில், அந்தக் கலை ஒரு நல்ல பாடகனை இழந்துவிடுகிறது.

கடல் கடந்த ஊர்களில்

மற்ற நாடுகளில் இந்தச் சிக்கலுக்கு என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்தேன்.

நியூயார்க் நகரில் பிராட்வே என்ற பகுதி இசை நாடகங்களுக்குப் பேர்போனது. அங்கே 1973-இல் டைம்ஸ் சதுக்கத்துக்கு அருகே ஒரு சாவடி வைத்தார்கள். அன்றைய காட்சிக்கு விற்காமல் நிற்கும் இருக்கைகளை அன்றே பாதி விலைக்குக் கொடுக்கும் சாவடி அது. நம் பெரிய மார்க்கெட்டில் பூக்காரம்மாவுக்குத் தெரிந்த பொருளாதாரம்தான் இது. மல்லிகை இன்று விற்காவிட்டால் நாளை குப்பை, நாற்காலியும் அப்படியே. 1980-இல் லண்டனும் இதைப் பின்பற்றியது.

1996-இல் பிராட்வேக்கு 'ரென்ட்' என்ற இசை நாடகம் வந்தது. வாடகை கொடுக்க வழியில்லாத இளங்கலைஞர்களைப் பற்றிய கதை. அப்படிப்பட்டவர்களே பார்க்க முடியாமல் போனால் வெட்கக்கேடு என்று எண்ணியவர்களைப் போல, முதல் இரண்டு வரிசைகளை 20 டாலருக்கு அன்றன்று விற்றார்கள். கடைசி வரிசைகளையல்ல, முதல் வரிசைகளை! இளைஞர்கள் இரவே வந்து நடைபாதையில் படுத்துக் கிடந்தார்கள். வரிசை கட்டுக்கு அடங்காமல் போகவே, 1997-இல் குலுக்கல் முறைக்கு மாறினார்கள்.

2015-இல் வந்த 'ஹாமில்டன்' இன்னொரு படி போயிற்று. அமெரிக்காவின் 10 டாலர் நோட்டில் படமாக இருக்கும் ஹாமில்டனைப் பற்றிய நாடகம் என்பதால் குலுக்கல் சீட்டின் விலையும் 10 டாலர். குலுக்கலுக்கு வாசலில் கூடிய கூட்டத்தின்முன் நடிகர்களே வந்து சில நிமிடங்கள் பாடி ஆடிக் காட்டினார்கள். சீட்டு விழாதவரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. 2016-இல் குலுக்கலை இணையத்துக்கு மாற்றிய முதல் நாளிலேயே 50,000-க்கும் மேற்பட்டவர்கள் மோதியதில் அந்தத் தளமே திணறிப்போயிற்று. வாசலில் நின்றபோது நூற்றுக் கணக்கானோருடன் போட்டி; இணையத்தில் ஆயிரக் கணக்கானோருடன் போட்டி. மலிவுச் சீட்டை இணையத்தில் தூக்கி எறிந்துவிட்டு 'எல்லாருக்கும் வாய்ப்பு' என்று சொல்வதன் பொருள் இதிலிருந்து விளங்கும்.

அதே நாடகக்காரர்கள் செய்த இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. 2016 ஜூனில் மிக உயர்ந்த இருக்கையின் விலையை 849 டாலராக ஏற்றினார்கள். கூடவே 10 டாலர் இருக்கைகளை 21-இலிருந்து 46 ஆக்கினார்கள். பணக்காரரிடம் கூடுதலாக வாங்கி எளியவருக்குக் குறைத்துக் கொடுப்பது என்பது இதுதான். நியூயார்க் அரசுப் பள்ளி மாணவர் 20,000 பேரை அந்த நாடகத்துக்கு அழைத்துச் செல்ல ஒரு திட்டமும் வகுத்தார்கள். மாணவர்க்குச் சீட்டு 70 டாலர். அதில் 60 டாலரை ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ஏற்க, மாணவர் கொடுத்தது 10 டாலர். அந்த 10 டாலரையும் தள்ளுபடி செய்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து பிரான்சு. நம் நகரோடு நெடுங்காலத் தொடர்புடைய நாடு. 1951-இல் பாரிசில் தேசிய மக்கள் நாடக அரங்கின் பொறுப்பை ஏற்ற ழான் விலார், குடிநீரும் மின்சாரமும் போல நாடகமும் ஒரு பொதுச் சேவை என்ற கொள்கை உடையவர். விலையைக் குறைத்தார். அதோடு நிறுத்தவில்லை. அரங்க ஊழியருக்கு இனாம் கொடுக்கும் வழக்கத்தை ஒழித்தார். மேலங்கியை வைக்க வாங்கிய காசை நிறுத்தினார். புறநகர்த் தொழிலாளர்கள் வீடு திரும்ப வண்டி கிடைக்க வேண்டும் என்று காட்சியை முன்னதாகத் தொடங்கினார். சீட்டின் விலை அட்டையில் அச்சடித்த தொகை மட்டுமல்ல என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. போக்குவரத்து, நேரம், கூச்சம் எல்லாம் சேர்ந்ததுதான் விலை.

மக்கள் நாடகம் பற்றி 1903-இலேயே ஒரு நூல் எழுதியவர் ரொமேன் ரோலான். அவர் பெயரில் நம் நகரில் வீதி இருக்கிறது. 1827-இல் தொடங்கிய நம் பொது நூலகமும் அவர் பெயரையே தாங்குகிறது. அந்த வீதியிலேயே ஒரு பழைய திரையரங்கு இந்தியநாஸ்ட்ரம் என்ற நாடகக் குழுவின் இடமாயிற்று. 2016-இல் பாரிசின் புகழ்பெற்ற தியேத்ர் து சொலேய் குழுவினர் புதுச்சேரியில் தங்கிப் பயின்று சென்று, 'இந்தியாவில் ஓர் அறை' என்னும் பொருள்படும் நாடகத்தை அங்கே அரங்கேற்றினார்கள். அதில் நம் தெருக்கூத்துக் காட்சிகள் இடம்பெற்றன. கற்றுக்கொடுத்தவர் புரிசைக் கண்ணப்ப சம்பந்தன். அந்தக் குழுவின் தலைவி அரியான் முனூஷ்கின் உலகறிந்த இயக்குநர். ஆனாலும் தம் அரங்க வாசலில் தாமே நின்று வருவோரின் சீட்டைக் கிழித்துக் கொடுப்பவர். வருகிறவர் யார் என்று பார்க்கும் ஆசை ஒரு கலைஞருக்கு இருக்க வேண்டும். கவுண்டரை மூடிவிட்ட நம் அமைப்பாளர்களுக்கு அந்த ஆசை இருப்பதாகத் தெரியவில்லை.

கட்டுப்படி ஆகுமா?

"பேச நன்றாயிருக்கிறது. கட்டுப்படி ஆக வேண்டாமா?" என்று நாடகம் நடத்துவோர் கேட்பார்கள். அவர்கள் துன்பம் மெய்யானது. வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற இரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் 1966-இல் எழுதிய நூலில் இதை விளக்கியிருக்கிறார்கள். நூறு பேர் நெய்த துணியை இன்று பத்துப் பேர் இயந்திரத்தால் நெய்துவிடலாம். ஆனால் நால்வர் வாசித்த இசையை இன்றும் நால்வர்தாம் வாசிக்க வேண்டும். நம் கணக்கில் சொன்னால், சுவாமிகள் காலத்தில் வள்ளி திருமணத்துக்கு ஒரு வள்ளி, ஒரு வேலன், ஒரு நாரதர், ஒரு பபூன், ஓர் ஆர்மோனியம், ஒரு மிருதங்கம். இன்றும் அதேதான். நாரதரைப் பாதியாகக் குறைக்க முடியாது! ஆனால் நாரதர் வீட்டு அரிசி விலை ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே நாடகச் சீட்டு ஏறத்தான் செய்யும். கலைஞர் வயிற்றில் அடித்து எனக்கு மலிவுச் சீட்டு வேண்டாம்.

ஆனால் எல்லாச் சீட்டும் ஏறவேண்டும் என்று எந்தப் பொருளாதார நூலும் சொல்லவில்லை. பத்தில் ஒரு பங்கு இருக்கைகளைக் குறைந்த விலைக்கு ஒதுக்கினால், மற்ற ஒன்பது பங்கும் அந்தச் சுமையைத் தாங்கும். திரைப்படத்துக்கு இது செய்யப்பட்டதே! சென்னையின் பெரிய பல்திரை அரங்குகளில் அரசு விதித்த விலையில், முன்வரிசையில் 10 ரூபாய் இருக்கைகள் இருந்த காலம் உண்டு. பக்கத்தில் நூறும் நூற்றிருபதும் கொடுத்தவர்கள் அதே படத்தைப் பார்த்தார்கள். அரங்கம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

அரசும் தன் பங்குக்கு ஓர் உதவி செய்திருக்கிறது. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது, நாடகம், நடனம், இசை நிகழ்ச்சிகளில் 250 ரூபாய்வரை உள்ள சீட்டுக்கு வரி விலக்கு அளித்தார்கள். 2018 ஜனவரியில் அந்த வரம்பை 500 ரூபாயாக உயர்த்தினார்கள். நல்லதே. ஆனால் வரம்பு உயர்ந்தால் வரி குறையுமே தவிர, 100 ரூபாய்ச் சீட்டு தானாக முளைத்துவிடாது. அதற்கு யாராவது விதை போட வேண்டும்.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆதலால் என் சிற்றறிவுக்கு எட்டிய சிலவற்றை முன்வைக்கிறேன்.

முதலாவது, புதுச்சேரியில் கட்டணம் வைத்து நடக்கும் ஒவ்வொரு நாடகத்திலும் பத்தில் ஓர் இருக்கை குறைந்த விலைக்கு ஒதுக்கப்பட வேண்டும். எவ்வளவு குறைந்த விலை? அளவுகோல் ஒன்று சொல்கிறேன். நகரத்துச் சாதாரண ஓட்டலில் ஒரு வேளைச் சாப்பாடு என்ன விலையோ, அதுவே உச்சவரம்பு. ஒரு வேளைப் பசியைப் பொறுத்துக்கொண்டால் நாடகம் பார்க்க முடிய வேண்டும். மாதம் முழுவதும் பட்டினி கிடந்து பார்க்கும்படி இருக்கக் கூடாது.

இரண்டாவது, அந்தச் சீட்டுகளை இணையத்தில் விற்கக் கூடாது. காட்சி நடக்கும் நாளில், இரண்டு மணி நேரம் முன்னதாக, அரங்க வாசலில், ஆளுக்கு ஒன்று என்று கையில் கொடுக்க வேண்டும். கைப்பேசி இல்லாத முதியவரும் வாங்கலாம். மொத்தமாக வளைத்துப் போட்டுக் கள்ள விலைக்கு விற்பவர் வாங்க முடியாது. கால் வலிக்க நின்றாலும் நமக்குச் சீட்டு உண்டு என்று வரிசையில் நிற்பவனுக்கு ஒரு நம்பிக்கை இருக்கும்.

மூன்றாவது, மலிவுச் சீட்டு என்றால் தூணுக்குப் பின்னால் உள்ள இடம் என்று பொருளாகக் கூடாது. மேடைக்கும் முதல் வரிசைக்கும் நடுவே ஜமக்காளம் விரியுங்கள். கூத்துக்கு உட்கார்ந்து பழகியவர்கள் நாங்கள். தரையில் உட்கார எங்களுக்கு வெட்கமில்லை. பிரமுகர் சோபாக்களையும் இரண்டாம் மணி அடித்ததும் நிற்பவர்களுக்குத் திறந்துவிடுங்கள். பிரமுகர் பிறகு வந்தால், வள்ளியைத் தேடி வந்த வேலனைப் போல நின்றே பார்க்கட்டும்!

நான்காவது, நேரம். திருக்கனூருக்கும் பாகூருக்கும் கடைசிப் பேருந்து போவதற்குள் நாடகம் முடிய வேண்டும். விலார் பாரிசில் செய்ததை நம் சிறு நகரத்தில் செய்ய முடியாதா?

ஐந்தாவது, கல்லூரிகளின் பங்கு. நம் நுண்கலை மன்றங்கள் ஆண்டுக்கு ஒரு முறை ஒரு நல்ல இசை நாடகத்துக்கு மாணவரை அழைத்துச் செல்லட்டும். விலையில் ஒரு பகுதியை மாணவர் கொடுக்கட்டும். மீதியைக் கலை பண்பாட்டுத் துறையும் ஊரின் வணிகப் பெருமக்களும் ஏற்கட்டும். சிற்றுண்டிக்கும் பொன்னாடைக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதியைத் திருப்பிவிட்டாலே இது நடந்துவிடும்.

மாணவர்களாகிய நமக்கும் கடமை உண்டு. தெரிந்தவர் மூலம் பாஸ் கேட்டு அலைவதை விட்டுவிட்டு, முடிந்ததைக் கொடுத்துச் சீட்டு வாங்கும் பழக்கம் வரவேண்டும். நேரத்துக்குப் போக வேண்டும். கைப்பேசியை அணைத்துவிட்டு மேடையைப் பார்க்க வேண்டும். பிடித்தால் மனம்விட்டுக் கேட்க வேண்டும் 'ஒன்ஸ்மோர்'. பிடிக்காவிட்டால் அதையும் நாகரிகமாகச் சொல்ல வேண்டும்.

நண்பர்களே! இன்று நாடகம் நடத்துகிறவர்கள் ஒரு கணக்கை மறந்துவிடுகிறார்கள். 1,500 ரூபாய் கொடுத்து முன்வரிசையில் அமர்பவர் ஐம்பது வயதைக் கடந்தவர். இருபது வயதில் குறைந்த விலைக்கு எங்கோ உட்கார்ந்து பார்த்து, பாட்டின் ருசி கண்டு, கையில் நாலு காசு சேர்ந்த பிறகு முன்னால் வந்தவர். இன்று இருபது வயதுக்காரனை வாசலிலேயே திருப்பி அனுப்பினால், முப்பது ஆண்டு கழித்து அந்த முன்வரிசையில் உட்கார யார் வருவார்? 1,500 ரூபாய்ச் சீட்டை அன்றைக்கு யாரிடம் விற்பார்கள்? ஆதலால் தரை டிக்கெட்டை எங்களுக்காக மட்டும் கேட்கவில்லை. நாற்காலிகளுக்காகவும் சேர்த்தே கேட்கிறோம்.